அறுபது லிட்டர்

காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இயந்திரத்தைத் தெருக்கோடிக் கிடங்கில் கொண்டுவந்து வைத்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. மோட்டார் மெக்கானிக் தானாகவே முன்வந்தார். அன்றிலிருந்து முப்பது வீட்டுக்கும் அவர் 'காத்துத்தண்ணிக்காரர்'. மனைவியும் சில சமயம் அப்படித்தான் கூப்பிட்டாள். கேலியா பெருமையா என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

முதல் மாதம் இயந்திரம் அவர் மானத்தை வாங்கிவிட்டது. நாளெல்லாம் உறுமிவிட்டுப் பதினைந்து லிட்டர் தந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி, "இப்படியே போனா வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினார், தட்டினார், துடைத்தார், மாட்டினார்.

அந்த வாரம்தான் மனைவி துணி காயப்போட இடம் கேட்டாள். வெளியே போட்டால் ஒரே புழுதி. கிடங்கிலோ இயந்திரத்தின் பின்பக்கம் சூடான காற்று வந்தது; அரை மணியில் துணி காய்ந்தது. "எங்க துணி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு தம்பி?" என்று எதிர்வீட்டு அக்காவும் வந்தாள். பத்து நாளில் முப்பது வீட்டுத் துணியும் உள்ளே தொங்கியது. புழுதி நுழையாமல் கதவையும் சாத்தி வைத்தார்.

அளவு ஏறியது. முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. எல்லாம் ஃபில்டரைத் துடைத்த கைவண்ணம் என்று நினைத்தார். தினசரி அளவு குறிக்கும் நோட்டில் அறுபதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

நோட்டைப் பார்த்த அதிகாரி கைகுலுக்கினார். அடுத்த வாரமே, வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி நின்றது.

லாரி நின்ற எட்டாம் நாள் இயந்திரம் பன்னிரண்டு லிட்டர் தந்தது. வீட்டுக்கு இரண்டு டம்ளர். அவர் ஃபில்டரைப் பத்தாவது முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி வெறும் கொடியைப் பார்த்தபடி, "துணி துவைச்சே ஒரு வாரம் ஆச்சுங்க" என்றாள்.

அவர் கொடியைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். லாரித் தண்ணீரில் துவைத்த துணியின் ஈரத்தைத்தான் இத்தனை நாளும் இது உறிஞ்சிக் கொடுத்திருக்கிறது. தானே கைப்பட எழுதி, இருந்த தண்ணீரையும் நிறுத்திவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலையிலேயே நோட்டோடு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னார். அதிகாரி நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இது யார் எழுத்து?"

"என்னோடதுதான் சார். ஆனா அது துணியில இருந்து வந்த தண்ணி."

"துணியில இருந்து அறுபது லிட்டரா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அந்த லாரியை வேறு ஊருக்கு ஒதுக்கியாகிவிட்டது என்றார் அதிகாரி. இனி மறுபரிசீலனை அடுத்த வருடம்தான்.

சாயங்காலம் அவர் திரும்பியபோது கிடங்குக் கதவு சாத்தியிருந்தது. திறந்தார். தெருவே உள்ளே இருந்தது. முறை போய்விடுமோ என்ற பயத்தில் காலையிலிருந்தே குடத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அனல் முகத்தில் அடித்தது.

மனைவி ஓடிவந்தாள். "பதினேழு லிட்டருங்க. அஞ்சு லிட்டர் கூட வந்திருக்கு. நீங்க போய்ச் சொன்னதுல ஏதோ பண்ணிட்டாங்க போல."

அவள் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்காவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவரோரம் பெரியவர்கள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கூடுதல் ஐந்து லிட்டர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"லாரி எப்ப வருமாம் தம்பி?" என்றாள் அக்கா.

அவர் நோட்டை எடுத்துப் பதினேழு என்று எழுதினார். பிறகு போய்க் கதவை இடுக்கில்லாமல் இழுத்துச் சாத்தினார்.

"யாரும் வெளிய போகாதீங்க" என்றார்.