ஊதுவத்தி எரியாத வாசல்

எரிமலையின் முகடு இன்னும் முகில் போர்வையை நீக்காதிருக்க, அதன் சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களில் தேங்கிய நீர் வானின் முதல் வெளுப்பை வாங்கிக்கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைத்த கண்ணாடித் தகடுகள்போல் ஒளிர, அவ்வயல்களை எல்லாம் நனைத்துவிட்டு ஊருக்குள் நுழைந்த வாய்க்கால் தெருவின் ஓரமாக ஒவ்வொரு வீட்டு வாயிலையும் தொட்டுக்கொண்டு ஓடிற்று. வாயில்தோறும் அவ்வாய்க்காலின்மேல் ஒரு கற்பலகை கிடந்தது. பலகைதோறும் தென்னங்குருத்தால் முடைந்த சிறு தட்டொன்று மலரும் சோற்றுப் பருக்கையும் ஏந்தி, தன்மேல் ஊதுவத்தி ஒன்று புகைய அமர்ந்திருந்தது. பாலித் தீவின் அவ்வூரில் பொழுது விடிந்ததை அறியக் கண் வேண்டியதில்லை, மூக்கிருந்தால் போதும்.

அத்தெருவில் ஒரே ஒரு வாயிலில் மட்டும் அன்று புகை இல்லை. அவ்வீட்டின் மூத்தவனான கார்டி இறந்து, எரியூட்டுவதற்கு ஏற்ற நல்ல நாளை எதிர்நோக்கிக் கீழ்ப்புற மண்டபத்தில் வெள்ளைத் துணியின் அடியில் கிடந்தான். சாவுத் தீட்டுள்ள வீட்டில் தெய்வங்களுக்குத் தட்டு வைக்கலாகாது. ஆதலின் அவன் தம்பி லோத்ராவின் மனைவி சுகெர்த்தி, நாள்தோறும் பலகையிலும், வாயிற்சுவரின் அடியிலும், கிணற்றடியிலும், அடுப்பின் முன்னும் தட்டு வைத்துப் பழகிய தன் கைகளை வேறு வேலைகளுக்குத் திருப்பியிருந்தாள்.

கார்டிக்கு மனைவி மக்கள் இல்லை. அவனுக்கென்று இருந்தது பெலாங் என்னும் கிழநாய் ஒன்றே. கருமையில் வெண்திட்டுக்கள் விழுந்த அந்நாயின் கண்களிலும் சென்ற மழைக்காலத்தில் வெண்மை படர்ந்து, பாலாடை மூடிய கிண்ணங்கள்போல் அவை ஒளியை உள்ளே விடாது நின்றுவிட்டன. பார்வை போன நாள்முதல் கார்டி முற்றத்து உரலை நகர்த்த விடவில்லை. விறகை அடுக்கிய இடத்திலேயே அடுக்கச் செய்தான். தான் நடக்கையில் தொண்டையைச் செருமிக்கொண்டே நடந்தான். சின்னாட்களில் பெலாங் கண்ணுள்ள நாயைப்போலவே பலகையைக் கடந்து தெருவுக்குப் போய்வரக் கண்டவர்கள், அதனைக் கார்டியின் குரல் நடத்துவதாகவே எண்ணினார்கள். கார்டியும் அவ்வாறே எண்ணியிருந்தான்.

அவன் மூச்சு நின்ற மறுநாளே பெலாங் தடுமாறலாயிற்று. வாயிலுக்கு உட்புறம், நேராக மட்டுமே செல்ல வல்ல தீய ஆவிகள் உள்ளே புகாதிருக்க எழுப்பிய குறுக்குச் சுவரில் அது மோதியது. நடுமுற்றத்தில் நின்று, காற்றை நோக்கி முகத்தை உயர்த்தி, பற்களைக் காட்டாது நெடுநேரம் உறுமியது.

"அண்ணனத்தான் பாக்குது," என்றான் லோத்ரா. "நம்ம கண்ணுக்குத் தெரியல, அதுக்குத் தெரியுது."

ஊராரும் அதனையே கூறினார்கள். இறந்தவனின் உயிர் முற்றத்தில் உலவுகிறதென்றும், நாய் அதன் பின்னே சுற்றுகிறதென்றும் கூறியவர்கள், அது சுற்றிய வழியை அஞ்சி விலகி நடந்தார்களேயன்றி அதன் மூக்கு எதனைத் தேடுகிறதென்று நோக்கினாரில்லை. மூன்றாம் நாள் அது வாய்க்காலில் விழுந்தது. மதகின் வாய்க்குள் நீர் இழுக்கும் இடத்தில் லோத்ரா அதன் பிடரியைப் பற்றித் தூக்கினான்.

"இனி இது இங்க சரிப்படாது," என்று அவன் ஈரக் கைகளைத் துடைத்தபடி கூறினான். "அண்ணனத் தூக்கிட்டு அத்தனை பேரு இந்தப் பலகைய ஒரே நேரத்துல தாண்டணும். எவன் காலுக்குள்ளயாவது பூந்துச்சுன்னா என்ன ஆகும்? வயக்குடிசையில கட்டிப் போட்டுரலாம்."

"கண்ணு தெரியாதத, ஆளில்லாத எடத்துல கட்டிப் போட்டா எத்தன நாளைக்குங்க உயிரோட இருக்கும்?" என்றாள் சுகெர்த்தி.

அவள் கேட்டதன் விடை இருவருக்கும் தெரிந்ததே.

அடுத்த நாட்காலையில் பெலாங்கைக் காணவில்லை. சுகெர்த்தி வாய்க்காலின் கீழ்ப்போக்கில் தேடிச் செல்ல முற்பட்டபோது, பக்கத்து வீட்டு ரெந்தெத் மதிலின்மேல் தலையை நீட்டினாள். இரு வீட்டு மதில்களுக்கும் இடையே இரு வேறு ஊர்மன்றங்களின் எல்லை ஓடியதால் இவ்வீட்டுத் தீட்டு அவ்வீட்டைத் தீண்டுவதில்லை. ரெந்தெத்தின் நாவை மட்டும் எந்த எல்லையும் தடுத்ததில்லை.

"சுகெர்த்தி, உங்க வீட்டு மாப்பிள்ளை இங்க விருந்துக்கு வந்திருக்காரு. வந்து கூட்டிட்டுப் போறியா, இல்ல நானே ஒரு பொண்ணு பாத்துரவா?"

"வாய்க்கால்ல விழலையாக்கா?"

"விழுறதா? எங்க பலகை மேல அளந்து வெச்ச மாதிரி நடந்து வந்துச்சு. சுவத்தச் சுத்தித் திரும்பி, கெணத்தடியில நின்னு, இப்ப அடுப்படியில ஒக்காந்துருக்கு. சாமிக்கு வெச்ச சோத்தயெல்லாம் வரிசையாத் தின்னுட்டே வந்துருக்கு. எங்க மாமியாகூட இந்த வீட்டுல இவ்வளவு ஒழுங்கா நடந்ததில்ல."

"எங்க சுவத்துல முட்டுது. உங்க சுவத்துல எப்படிக்கா திரும்புது?"

"எங்க வீட்டுச் சுவருக்கு மரியாத தெரியும்."

சுகெர்த்தி அவ்வீட்டு வாயிலில் நின்று நோக்கினாள். பலகையில் ஒரு புகை. சுவரின் அடியில் ஒரு புகை. அது சுவரில் தட்டிப் பக்கவாட்டில் வளைந்து உள்ளே போயிற்று. கிணற்றடியில் ஒன்று. அடுப்பின் முன் ஒன்று. அவள் தன் வீட்டில் நாள்தோறும் வைத்துவந்த அதே வரிசை. தெய்வங்களுக்கென்று ஏற்றிய ஊதுவத்திகளை, யாரும் அறியாது, கண்ணிழந்த ஓருயிர் தன் வழிக்கும் விளக்காகக் கொண்டிருந்தது. தீட்டு வந்ததும் அவை அணைந்தன. நாய் இரண்டாம் முறை குருடாயிற்று. முற்றத்தில் அது உறுமியது இறந்தவனை நோக்கியன்று என்பதை உணர்ந்தபோது, அவளுக்கு ஆறுதலைக் காட்டிலும் சிறு ஏமாற்றமே முதலில் தோன்றியது.

தன் வீட்டிலும் நாய்க்கு அவ்வாறே மணக்குறி வைக்கவேண்டும் என்று அவள் கூறியபோது லோத்ரா இசையவில்லை.

"தீட்டு வீட்டுல தட்டு வெக்கச் சொல்றியா?"

"தட்டு இல்ல, பூ இல்ல, வத்தி இல்ல. அடுப்படியில கெடக்கிறத எடுத்து அங்கங்க தேச்சு விடுறேன். சாமிய யாரும் கூப்பிடல. நாயத்தான் கூப்பிடுறோம்."

"அண்ணன் மண்டபத்துல கெடக்காரு. நீ நாய்க்கு வாசனை தேடிட்டு இருக்க."

"அவரு இருந்தா என்னங்க செஞ்சிருப்பாரு?"

அவன் மண்டபத்தை நோக்கிவிட்டு நிலத்தை நோக்கினான். "எரியூட்டுக்கு மொத நாள் வரைக்கும் பாரு. அப்பவும் தடுமாறுச்சுன்னா குடிசைதான். அப்புறம் எங்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

அவள் பலகையின் இரு ஓரங்களிலும் எலுமிச்சைப்புல்லை நசுக்கித் தேய்த்தாள், குறுக்குச் சுவரின் அடியில் இடித்த கிராம்பை வைத்தாள், கிணற்றடிக்குச் சித்தரத்தை. அடுப்புக்கு அதன் புகையே போதுமானதாயிருந்தது. கார்டியின் அறைப்படியில் அவள் எதுவும் வைக்கவில்லை. அங்கே இன்னும் அவன் மணம் இருந்தது. பின்னர், வாட்டிய பன்றித்தோல் துணுக்கைக் கையில் மறைத்துக்கொண்டு, நாய்க்கு முன்னே மெல்ல நடந்து, மணம் உள்ள இடந்தோறும் நின்று, அது முகர்ந்த பின்னரே துணுக்கைக் கொடுத்தாள். கிராம்பை முகர்ந்த பெலாங் பெருந்தும்மலாகத் தும்மிவிட்டு, இழிவு செய்யப்பட்ட முதியவரைப்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆயினும் நாட்கள் செல்லச் செல்ல அது சுவரில் மோதுவதற்கு முன் தும்மவும், தும்மியதும் திரும்பவும் கற்றது. லோத்ரா இவற்றைப் பாராதவன்போல் இருந்தான். ஒருநாள் விருந்தினர் இழுத்துப் போட்ட உரலை, யாரும் கூறாமலே, பழைய இடத்துக்கு உருட்டிவைத்தவன் அவனே.

எரியூட்டுக்கு முந்தைய நாள் வந்தது. ஊர்மன்றத்து ஆடவர் கத்தியும் மரக்கட்டையுமாக முற்றத்தில் வரிசையாக அமர்ந்து மறுநாள் விருந்துக்கான கறிமசாலையை வெட்டவும் இடிக்கவும் தொடங்கினார்கள். எலுமிச்சைப்புல் கட்டுக்கட்டாக அரியப்பட்டது, கிராம்பு இடிபட்டது, சித்தரத்தை மலையாகக் குவிந்தது. சுகெர்த்தி சோற்றுப் பானைகளின் நடுவிலிருந்து நிமிர்ந்தபோதே தன் பிழையை அறிந்தாள். அவள் இடந்தோறும் வைத்த குறிகள் எல்லாம் ஒரே மணமாகக் கலந்து, முற்றம் முழுவதும் வெள்ளம்போல் நிரம்பியிருந்தன. அதன் நடுவில் பெலாங், எத்திசையும் பலகையாகவும் எத்திசையும் சுவராகவும் கிணறாகவும் தோன்ற, ஒரு காலைத் தூக்கியபடி அசையாது நின்றது.

"லோத்ரா, உங்க நாய் நடுமுற்றத்துல நட்ட தூண் மாதிரி நிக்குது," என்றான் வெட்டுவோரில் ஒருவன். "மேல ஒரு கூரை போட்டுரலாமா?"

லோத்ரா எழுந்து கயிற்றை எடுத்தான். சுகெர்த்தி குறுக்கே வந்தாள்.

"அது மேல தப்பில்லங்க. நான் வெச்சது எல்லாத்தையும் நீங்க உரல்ல போட்டு இடிச்சுட்டீங்க."

அவன் அவளையும் உரலையும் மாறிமாறி நோக்கினான். அண்ணன் இறந்த பின் முதன்முறையாக அவன் உதட்டோரம் சிரிப்பு அசைந்தது. கயிற்றின் ஒரு முனையை நாயின் கழுத்தில் கட்டினான். மறுமுனையைத் தன் இடைத்துணியில் முடிந்துகொண்டு, திரும்பி வந்து அமர்ந்து கத்தியை எடுத்தான். நாய் அவன் முழங்காலில் முதுகைச் சாய்த்துப் படுத்தது.

"இதுல யாரு யாரக் கட்டியிருக்கா?" என்றான் முன்பு பேசியவன்.

"நாளைக்கு யாரு வழி தவறுறோம்னு பாத்துட்டுச் சொல்றேன்," என்றான் லோத்ரா.

மறுநாள் கார்டியின் உடலை ஏந்திய மூங்கிற்கோபுரம், எண்ணற்ற தோள்களின்மேல், வெண்கலத் தாளங்கள் முழங்கப் பலகையைக் கடந்தது. பின்னே லோத்ராவும் கயிற்றில் நாயும் கடந்தனர். நாற்சந்தியை அடைந்ததும் சுமந்தவர்கள் ஆரவாரத்துடன் கோபுரத்தைச் சுழற்றினார்கள்; இறந்தவன் திசை மயங்கி, வீடு திரும்பும் வழியை மறந்து, தான் செல்லவேண்டிய இடத்துக்கே செல்லவேண்டும் என்பதற்காக. லோத்ரா அந்தச் சுழற்சியை நோக்கி நின்றான். பெலாங் அவன் காலை ஒட்டி அமர்ந்திருந்தது.

சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. முற்றம் கழுவப்பட்டு வெறுமையாயிருந்தது. விருந்தின் மணம் நீரோடு போயிருந்தது. தீட்டு இன்னும் நீங்காத தன் வாயிலில் சுகெர்த்தி புதிதாக ஒரு தண்டு எலுமிச்சைப்புல்லை நசுக்கியிருந்தாள். பக்கத்து வாயிலிலோ மாலைத் தட்டின்மேல் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு இன்னைக்கு எந்த வீடு?" என்றாள் அங்கு நின்ற ரெந்தெத்.

லோத்ரா குனிந்து கயிற்றை அவிழ்த்தான். அழைக்கவில்லை, தொண்டையைச் செருமவும் இல்லை. நாய் இரு வாயில்களுக்கும் நடுவே நின்றது. அதன் மூக்கு நெடுநாட் பழகிய புகையை நோக்கித் திரும்பி, அங்கேயே நின்றது. பின்னர் மூக்கு மெல்ல இப்பக்கம் தாழ்ந்தது. முன்காலொன்று பலகையைத் தொட்டு, உறுதி கண்டு, ஊன்றியது. பெலாங் வாய்க்காலைக் கடந்து, சுவருக்கு முன் நின்று தும்மியது, தும்மியதும் திரும்பிற்று.

லோத்ரா கயிற்றைச் சுருட்டி வாயிலின் ஆணியில் மாட்டினான்.

இறந்தோர் வழியை மறக்கவேண்டும் என்று சந்தியில் சுழற்றும் அதே கைகளுக்கு, இருப்போர் வழியை மறவாதிருக்கக் குறி வைக்கும் கடனும் உண்டு. நேராக மட்டுமே செல்ல வல்லவற்றை அந்தச் சுவர் வெளியே நிறுத்தும். திரும்பக் கற்ற ஒன்று, கண் இல்லாமலே, அதனைச் சுற்றி உள்ளே போய், உரிமையாளன் இல்லாத அறைப்படியில் முகத்தை வைத்து உறங்கிற்று.