மறதிக்கார சிப்

அக்காவுக்குக் காது கேட்காது. பிள்ளை பிறந்து இருபது நாளாகச் சரியான தூக்கமும் கிடையாது. குழந்தையின் நெஞ்சில் ஒரு கையை வைத்தபடியேதான் படுத்துக்கிடப்பாள். அழுதால் நெஞ்சு அதிரும். அதைக் கை கேட்டுக்கொள்ளும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. தங்கை இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை தையல்காரி. ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் லேசில் விடமாட்டாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு வாங்கிவந்தாள். அதன் நடுவே இருக்கும் கறுப்பு சிப்புக்குள் நமக்கு வேண்டிய சர்க்யூட்டை நாமே எழுதி அமைத்துக்கொள்ளலாமாம். மைக்கில் அழுகை விழுந்தால் கட்டில் விளக்கு மினுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்த 'அவ்வளவுதான்' பதினோரு மதியங்களைத் தின்றது. துணியில் ஒரு தையலுக்குப் பின்தான் அடுத்த தையல். இங்கோ எழுதிய வரியெல்லாம் ஒரே நேரத்தில் நடந்து தொலைத்தன. ஜன்னல் வெயில் துணிக்குவியல்மேல் மெல்ல ஊர்ந்துபோக, அவள் பாதித் தூக்கத்தில் சிப்புக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன வாசல்கள். எல்லாம் ஒரே கணத்தில் திறந்தன, ஒரே கணத்தில் மூடின.

பன்னிரண்டாம் மதியம் கைதட்டினாள், விளக்கு மினுக்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஒயரை உருவிக்கொண்டு அக்காவின் அறைக்கு ஓடினாள். சுவரில் பிளக்கைச் செருகிக் கைதட்டினாள். ஒன்றும் இல்லை. உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். குழந்தைதான் விழித்துக்கொண்டு வீறிட்டது. அக்கா சிரித்தாள், பரவாயில்லை என்று கையசைத்தாள், கையை மறுபடி குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை.

தன் மேஜைக்குத் திரும்பி, போர்டின் கையேட்டைப் புரட்டிப் புரட்டி ஒருவழியாகக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு? இங்க நல்லாத்தானே மினுக்குச்சு?"

"ஒயரை உருவினதும் எல்லாத்தையும் மறந்துடுச்சு அத்தான்."

"கரண்ட் இருக்கிறவரைக்கும்தான் ஞாபகமா? என்னைவிட மோசமா இருக்கே!"

கையால் நூலோட்டிப் பார்த்த சட்டையை, மெஷினில் அடிக்காமலே கொடுத்தனுப்பியது போலத்தான் செய்திருக்கிறாள் இந்தத் தையல்காரி. போர்டில் அந்தச் சிப்புக்குப் பக்கத்திலேயே, கரண்ட் போனாலும் மறக்காத இன்னொரு குட்டி சிப் இருந்தது. அதில் எழுதிவைத்தால், கரண்ட் வரும்போதெல்லாம் பெரிய சிப் அதைப் படித்து நினைவுக்குக் கொண்டுவந்துகொள்ளும்.

மறுநாள் தங்கை அதில் எழுதிக் கொண்டுவந்தபோது அக்கா எளிதில் நம்பவில்லை. தானே பிளக்கைப் பிடுங்கினாள், விரல்விட்டுப் பத்து எண்ணினாள், செருகினாள், தட்டினாள். விளக்கு அவள் முகத்தில் மினுக்கியது. இப்படி மூன்று தடவை. அப்புறம்தான் படுத்தாள், வழக்கம்போல் குழந்தையின் நெஞ்சில் கையை வைத்து.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தளர்ந்தது. மெல்ல நழுவி மெத்தையில் விழுந்து, விரல் விரித்துக் கிடந்தது. வாசலில் நின்ற தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சத்தம் போடாதீங்க அத்தான், அக்கா எழுந்திடுவா!"

அக்காவுக்குக் காது கேட்காது என்பது இருவருக்குமே அப்போது நினைவில் இல்லை. அத்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்துபோனார்.