வலிக்காத குதிகால்

மருதாயி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். குதிகாலுக்கு மேல் பூசிய ஜெல் சில்லென்று இருந்தது. அவளைப் போல லூபஸ் நோய் உள்ளவர்களில் வலி என்று சொல்லாதவர்களுக்கும், தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தில் வீக்கம் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கிறார்களாம். கொழும்பு கிளினிக்கில் கேட்டதும் தலையாட்டிவிட்டாள். போன வருடத்து எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. வலியைப் படம் பிடிக்க முடியுமா என்ன? வலியில்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டால் மகள் சுகந்தினியும் நம்பிவிடுவாள்.

"ரிதெனவத?" பெருவிரலால் அழுத்திக்கொண்டே, வலிக்கிறதா என்று டொக்டர் கேட்டார்.

"நே, டொக்டர்." இல்லையென்று சிரித்துக்கொண்டே சொன்னாள். உயிர் போய் வந்தது.

வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? ரப்பர் பால் வெட்ட முடியாதென்று ஆனால் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் பேர் போகும். பிறகு குடியிருக்கும் லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள், வீட்டில் வேறு யாராவது பேர் பதிந்தால்தான் விடுவார்கள். புருஷன் செத்த வீட்டில் அடுத்த பேர் சுகந்தினியுடையதுதான். ஏ.எல். பரீட்சை நெருங்குகிறது. படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்க அந்தப் பிள்ளை ஒரு சாக்குக்காகக் காத்திருப்பதுதான் மருதாயிக்கு எரிச்சல்.

டொக்டர் நல்ல மனதோடுதான் சுகந்தினியை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் மினுங்கின. இரண்டு காலிலும் அழற்சி, நாள்பட்டது, அம்மா எப்படித்தான் நடக்கிறாரோ என்றார் சிங்களத்தில். மருந்தை மாற்றித் தருவதாகவும், மேடு ஏறி இறங்கும் வேலையை விடவேண்டும் என்றும் சொன்னார். சுகந்தினிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மருதாயிக்குத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அவிசாவளையில் பஸ் மாறினார்கள். தெஹியோவிட்ட பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகள் பேசினாள்.

"நாளையிலேருந்து நான் பால் வெட்டப் போறேம்மா. கங்காணிகிட்ட நானே பேசிக்கிறேன்."

"மெஷினுக்கு என்னா தெரியும்? பேசாம படிக்கிற வேலையப் பாரு."

"கண்ணால பாத்தேம்மா."

 மருதாயி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்ததை ஒரு மெஷின் ஒரு நிமிடத்தில் போட்டுக்கொடுத்துவிட்டது. 

தோட்டத்து முடக்கில் இறங்கியதும் மருதாயி சுற்றுப் பாதையை விட்டுவிட்டுச் செங்குத்தான குறுக்குப் பாதையில் ஏறினாள். ஒரு எட்டுக்கூட நொண்டவில்லை. பின்னால் மகளின் செருப்புச் சத்தம் நெருங்கவுமில்லை, விலகவுமில்லை. தன் குதிகாலையே அவள் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தது. மருதாயி இன்னும் வேகமாக ஏறினாள்.