நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. எட்டிப் பார்த்துப் பிடித்தேன். அடுத்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் உள்ள மதில் பனை உயரம். (சரி, என் நெற்றி உயரம். வாளியைக் கவிழ்த்து ஏறினால் எல்லாம் தெரியும்.) பட்டப்பகலில், அந்த வீட்டின் பின்பக்க வெறுந்தரையில், எழுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் மல்லாந்து படுத்திருந்தார்கள். இருவருக்கும் நடுவே சுண்ணாம்புப் பொடியால் போட்ட ஒரு வெள்ளைக் கோடு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா கிடக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பேனாவை எடுத்துவிட்டேன். கோடு நிஜம், படுத்தது நிஜம். மற்றதெல்லாம் இப்போதைக்கு என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'கதிரவன் மெல்ல மேலெழுந்து அந்த இல்லத்தின் மீது தன் பொற்கரங்களை...'

வேண்டாம். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: 'ஒரு பெட்ரூமா, ரெண்டா?' என்று மகள் கேட்டாள்.

இது பரவாயில்லை. மகள் தன் வீட்டுக்குப் பின்னால், வயதான பெற்றோருக்கென்று ஒரு சின்ன வீடு கட்டப் போகிறாள். இடம் கைக்குட்டை அளவு. படுக்கையறை ஒன்று என்றால் முன்னறையில் நாலு பேர் காலை நீட்டி உட்காரலாம். இரண்டு என்றால், உட்காருகிறவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் பெற்றவர்களைப் பார்த்து ஒரு மகள் கேட்கக்கூடியதா அது? கேட்டுவிட்டு, அதுவரை பார்த்தே இராதவள்போல் ஜன்னல் திரையைத் தடவிப் பார்த்தாள். மேஸ்திரி அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

அப்பா முந்திக்கொண்டார். "ரெண்டே போடும்மா. உங்கம்மா நிம்மதியாத் தூங்கட்டும்."

அம்மா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, சரி, இரண்டே இருக்கட்டும் என்று அவரும் சொல்லிவிட்டார்.

3

அப்பாவின் மேல் எனக்கு இங்கே ஒரு சந்தேகம். இவர் நல்லவரா, அசடா? (என் மனைவி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ரெண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாதா என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.)

குறட்டைக்குத் தோதாக அவரை ரயில் இன்ஜின் ஓட்டியவராக ஆக்கினேன். அவர் கண்ணை மூடினால் சுவர்க்கடிகாரம் பயந்து பின்னால் ஓடும். தெருவில் நிறுத்திய ஸ்கூட்டர்கள் தாமாகவே ஸ்டார்ட் ஆகும்.*

(* ஒரு ஸ்கூட்டர்தான். அதுவும் பழசு.)

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். நூறு குரல் ஒன்றாக இரைந்தாலும் தனக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கும் காது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காதுக்கு இந்தக் குறட்டைதான் தாலாட்டு.

ஒருமுறை அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அவளாவது தூங்கட்டும் என்று அப்பா தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போனார். காய்ச்சல் இறங்கியது. தலையணை திரும்பவில்லை. போ என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. இதுதான் அவளுக்குச் சௌகரியம் என்று அப்பா நினைத்தார். அவருக்குத் தனியே படுப்பது பிடித்துப்போய்விட்டது என்று அம்மா நினைத்தார். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. அம்மா மட்டும் தினமும் அறைக்கதவை ஒரு சாண் திறந்து வைத்துப் படுப்பார், சத்தம் உள்ளே வரட்டும் என்று.

சோபாவிலிருந்து தலையணை என்றைக்காவது திரும்பி வரலாம். செங்கல் வைத்துப் பூசிய சுவரைத் தாண்டி எப்படி வரும்? அம்மாவின் கவலை அதுதான். ஆனால் மகளிடம் போய் என்னவென்று சொல்வது? [இங்கே அம்மா தேம்பி அழுவதாக ஒரு பத்தி எழுதினேன். அவர் அழ மறுத்துவிட்டார்.]

4

மேஸ்திரிக்கு ஒரு வழக்கம். அஸ்திவாரம் தோண்டும் முன், வீட்டை அதே அளவில் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, குடிவரப் போகிறவர்களை உள்ளே நடமாட விடுவார். காகிதத்தில் எல்லா வீடும் அரண்மனைதான், காலுக்குத்தான் நிஜம் தெரியும் என்பது அவர் கட்சி. கோடு போட்டு முடித்து டீ குடிக்கப் போனார். மகளுக்கு போன் வந்தது, உள்ளே போனாள்.

கட்டில் போட இடம் போதுமா பார்க்கிறேன் என்று அம்மா தன் அறைக்குள் 'நுழைந்து' படுத்தார். அப்பாவும் சளைக்காமல் கோட்டுக்கு அந்தப் பக்கம் தன் அறையில் படுத்தார்.

"கேக்குதா?" என்றார் அம்மா.

"என்னது?"

"நான் பேசறது."

"நடுவுல கோடுதானே. கேக்காம என்ன?"

"செங்கல் வச்சா கேக்காது."

"அதுக்குத்தானே ரெண்டு ரூமு. என் சத்தம் உனக்குத் தொல்லை."

"தொல்லைனு உங்ககிட்ட யாரு சொன்னா?"

அப்பா வானத்தைப் பார்த்தார். "அன்னைக்குக் காய்ச்சல்ல நீ புரண்டுக்கிட்டே கிடந்த. அதான் எழுந்து போனேன்."

"காய்ச்சல் போயிடுச்சுங்க," என்றார் அம்மா. "நீங்கதான் இன்னும் வரல."

5

கைவசம் சில முடிவுகள் இருக்கின்றன. அம்மா கையை நீட்டிக் கோட்டை அழிக்கலாம். (சினிமாத்தனம்.) அல்லது இரண்டு அறையும் எழும்பி, ஒன்றில் இரண்டு தலையணையும் மற்றதில் இஸ்திரி மேசையும் குடியேறலாம். (நடக்கக்கூடியது. ஆனால் முன்னறைக்கு வருகிற விருந்தாளி பாவம்.) அல்லது அப்பா பதில் சொல்லாமல் அங்கேயே தூங்கிப்போய்... இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஓரமாக வைக்கிறேன். நிஜமாகப் பார்த்ததில் ஒரு பங்கை உங்களிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுக்கிறேன்.

இருவரும் கைகொடுத்து ஒருவரையொருவர் தூக்கிவிட்டு எழுந்தார்கள். அதற்கே பாதி நாள் போயிற்று. நடுக்கோடு தரையில் இல்லை. அப்பாவின் சட்டை முதுகில் இருந்தது. எப்போது புரண்டார், எவ்வளவு தூரம் புரண்டார் என்பதை நான் பார்க்கவில்லை. (பார்த்தேன். சொல்ல மாட்டேன்.)

மேஸ்திரி திரும்பி வந்தார். தரையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பொடிச் சட்டியைக் கையில் எடுத்தார்.

"இங்க ஒரு கோடு போட்டிருந்தேனே. திரும்பப் போட்டுரலாங்களா?"

மகளும் பின்வாசல் படிக்கு வந்துவிட்டாள். அப்பா காலரைச் சரிசெய்துகொண்டார், இம்முறை முந்திக்கொள்ளவில்லை. மூன்று பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வாயைத் திறந்தார்.

என் வாளி அந்த நேரம் பார்த்துச் சறுக்கியது. நான் விழுந்த சத்தத்தில் ஊரே கிடுகிடுத்தது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

வாளி இதோ இருக்கிறது. நீங்கள் என்னைவிட உயரம், இளமுழங்கால் வேறு. ஏறிப் பாருங்கள். அம்மா என்ன சொன்னார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெல்லிய குரலில் எழுதுங்கள். மகள் பக்கத்திலேயே நிற்கிறாள்.