பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவன்

வேற்றுக்கிரகவாசி என்றால் அமெரிக்காவில்தான் இறங்குவான் என்று அஜிதநாதன் நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். திருப்பருத்திக்குன்றத்தில், அதுவும் தன் வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்ட அரிசி வடகத்துக்கு நடுவே ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியவே மூன்று வாரமாயிற்று. மூட்டைக்குள் கைவிட்டே அரிசியின் வயதைச் சொல்லிவிடுகிற மண்டிக்காரர். தலைக்கு மேல் குடிவந்தவனைக் கோட்டை விட்டுவிட்டார்.

கண்டுபிடித்தது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஹர்ஷினி. மினுக்கு என்று பெயர் வைத்ததும் அவள்தான். கொய்யாப்பழ அளவு இருப்பான். வெயில் பட்டால் அப்பளம் மாதிரி விரிவான். கேள்வி கேட்டால் பச்சையாக ஒரு தரம் மினுங்கினால் ஆமாம், இரண்டு தரம் என்றால் இல்லை. நிலாவில் நம் விண்கலம் இறங்கிய அதே வாரம் வந்தவன்.

“நம்ப ஆளு அங்க போனான், அவுங்க ஆளு இங்க வந்துட்டான்பா” என்றாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி என்று அஜிதநாதன் நினைத்துக்கொண்டார்.

மினுக்குவுக்குச் சாப்பாடே வெயில்தான். பொழுது சாய்ந்தால் சுருண்டுகொள்வான். அதைப் பார்த்துத்தான் ஹர்ஷினி முடிவுக்கு வந்தாள்.

“அப்பா, இவனும் நம்பள மாதிரி ஜைனம்பா. நிலால கீற நம்ப மிஷினுங்கூட. பொழுது சாஞ்சா அதுவும் ஒண்ணும் சாப்புடாதாம், தூங்கிடுமாம். டீச்சர் சொன்னாங்க.”

“அப்போ ரெண்டு பேருக்கும் பத்திரிகை வெச்சிடலாம், சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு” என்றாள் அவள் அம்மா குணமாலா, வடகத்தைப் புரட்டிக்கொண்டே.

பிறகு மூன்று நாள் விடாமல் மழை. தண்ணீர்த் தொட்டியின் அடியில் வைத்திருந்த மினுக்கு சுண்டைக்காயாய் வற்றிப்போனான். எதைக் கேட்டாலும் மினுங்கவில்லை. அன்று பார்த்துத்தானா டிவியில் சொல்ல வேண்டும்: நிலாவில் பொழுது விடிந்தும் கலம் எழுந்திருக்கவில்லை, கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பதில் இல்லை. ஹர்ஷினி தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினாள். பொழுது சாய்ந்துவிட்டது. இனி அவளுக்கும் காலையில்தான் சாப்பாடு.

அஜிதநாதன் மண்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போனார். மழை விட்டிருந்தது.

“இத்த அடிச்சுப் பாக்கலாமா?”

ஹர்ஷினி இரண்டு கையாலும் மினுக்குவைப் பொத்திக்கொண்டாள். “வாணாம்பா! பொழுது போயிடுச்சு. அவன் விரதம் கெட்டுப்பூடும்.”

அவர் ஈரத்தரையில் உட்கார்ந்தார். விரதத்தைப் பற்றிப் பேச ஊரிலேயே துளியும் தகுதி இல்லாத ஆள் அவர்தான். அதைச் சொல்லலாமா என்று தொண்டை வரை வந்தது, இறங்கிப்போனது, மறுபடி வந்தது. இந்த ஒரு பிள்ளைதான் அவரை இன்னும் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

“போன வாரம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட, ராத்திரி எட்டு மணிக்கு மசால் தோசை சாப்புட்டேம்மா.”

ஹர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள்.

“உருளக்கெழங்கா? மண்ணுக்குள்ள வெளையறது நம்ப சாப்புடக் கூடாதேப்பா?”

“வெங்காயமும் இருந்துச்சு.”

அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மாக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா நான் இங்க உக்காந்துக்கினு இருப்பனா?”

“ஒனக்கு ஒண்ணும் ஆவலியா?”

“ரெண்டு ஏப்பம் வந்துச்சு. பசி அடங்கிச்சு. அவ்ளோதான்.”

ஹர்ஷினி கையை மெல்ல விலக்கினாள். டார்ச்சை வாங்கி, குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் காட்டினாள். மினுக்கு அசையவில்லை. கை வலித்தபோது மாற்றிப் பிடித்தாள். அஜிதநாதன் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் பெயரையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பதினேழில் தடுமாறி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மேகம் விலகி அரை நிலா தெரிந்தது.

“அங்க ஒருத்தன் பட்டினியா கீறாம்பா” என்று ஹர்ஷினி டார்ச்சை மேலே திருப்பினாள். வெளிச்சம் தென்னை மட்டையைத் தொட்டு, அதற்கப்பால் எங்கோ போயிற்று.

அவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் கீழே பார்த்தார். டார்ச் மேலே போயும், தொட்டியடியில் முழு இருட்டாகவில்லை. ஈரத்தரையில், அவள் கால் விரல்கள் மட்டும் லேசான பச்சையாகத் தெரிந்தன.