ஒன்பதாம் எண்ணுக்கு நேரே

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவமனைப் பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். கதை எழுதுகிறவனிடம் மனம் விட்டுப் பேசக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

முதல் வரிக்கு நான்கு தடவை முயன்றேன்.

"அந்தக் குற்றவாளியின் கண்களில்" – வேண்டாம். அவர் கண்களில் ஒன்றும் இல்லை, வலது கண்ணுக்குக் கொஞ்சம் பவர் அதிகம், அவ்வளவுதான்.

"சமூகம் தரும் அழுத்தம் ஒரு சாதாரண மனிதனை" – இதை மைக் இல்லாமல் சொல்ல முடியாது.

"அவர் நல்லவர், ஆனால்" – 'ஆனால்' வந்துவிட்டால் தீர்ப்பு எழுதியாயிற்று.

நாலாவது தேறியது: அவர் இருபத்திரண்டு வருடமாக ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

மூட்டு ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல். மூட்டு மாற்றும் பெரிய டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியூரிலிருந்து வருவார். இரண்டு நாள் தங்கிப் பத்துப் பேருக்குச் செய்வார். பட்டியலை எழுதும் கிளார்க்கை அங்கே எல்லோரும் 'பட்டியல்' என்றே கூப்பிட்டார்கள். "பட்டியல் சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள்.*

(* கதையிலும் அப்படியே கூப்பிடப்போகிறேன். அவருடைய உண்மைப் பெயர் இப்போது காவல் நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது.)

மூன்று பேர் பார்த்த வேலை அது. ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவர் மாற்றலாகிப் போனார். அந்த இரண்டு நாற்காலிகளிலும் இப்போது கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. பட்டியலுக்கு எதிரே ஒரு கண்ணாடி, கண்ணாடியில் ஓர் ஓட்டை. அதன் வழியாகக் காலையிலிருந்து ஜனங்கள் அவரைத் திட்டுவார்கள். அவர் "வரும்" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆள் கறார். பதிவேட்டில் ஒரு பெயரை அடித்தால் ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், கடைசிக் கட்டத்தில் காரணம் வேண்டும். காரணக் கட்டம் காலியாக வந்த தாளை, அது யார் தாளாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். "காரணம் எழுதாம திருத்தினா அது திருட்டு" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். ஆகவே மேலேயிருந்து போன் வந்து யாரையாவது நடுவில் சொருகச் சொன்னால், முறையாகச் சொருகி, முறையாகக் காரணமும் எழுதுவார்: மேலிட உத்தரவு. அது சட்டப்படி சரி.

(இந்த இடத்தில் நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். விடாவிட்டால் பரவாயில்லை. நானும் அந்த நாளில் விடவில்லை.)

3

அவருக்கு ஓர் அக்கா. இவரை எப்படி எழுதுவதென்று இரண்டு நாள் திண்டாடினேன். தம்பிக்காகவே வாழ்ந்த தியாகி என்று எழுதினால் கண்ணீர் தானாக வரும். ஆனால் அவர் துணி ஆலையில் எட்டு மணி நேரம் நின்றபடி இஸ்திரி போடுகிறவர், வீட்டுக்கு வந்ததும் தம்பியின் சமையலைக் குறை சொல்கிறவர். இடது மூட்டு தேய்ந்துபோய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அக்கா வரிசைப்படி காத்திருந்து பத்துக்குள் வந்தார். போன் வந்தது. ஒருவரை உள்ளே விட ஒருவரை வெளியே எடுக்க வேண்டும். யாரை எடுப்பது என்று பட்டியல் கேட்டதற்குக் கண்காணிப்பாளர் ரொம்ப நியாயமாகப் பதில் சொன்னார்.

"மத்தவங்கன்னா கத்துவாங்க. உங்க அக்கான்னா நீங்க வீட்ல சொல்லிச் சமாளிச்சுக்கலாம்ல?"

பட்டியல் அக்கா பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்தார். வெளியே போனவர் பரிசோதனையெல்லாம் மறுபடி எடுத்துக் கடைசியிலிருந்து வர வேண்டும், அது விதி. ஒரு வருடம் கழித்துப் பத்துக்குள் வந்தார். போன் வந்தது. அடித்தார். இன்னொரு வருடம் போயிற்று. இதற்குள் ஆலையில் மேஸ்திரி, இந்தத் தடவையும் ஆகவில்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை அக்காவுக்கு ஒன்பதாம் எண். போன் வந்தது.

பட்டியல் அக்காவை அடித்து, போனில் வந்த பெண்ணின் பெயரை எழுதினார். பிறகு மத்தியானம் வரை "வரும், வரும்" என்று ஓட்டை வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

(முதல் பிரதியில் இங்கே அவர் கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது. எடுத்துவிட்டேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து செய்த வேலை இது.)

சாப்பிட்டு வந்து, அந்தப் பெண்ணின் பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்தார். சுருக்கொப்பம் போட்டார். அக்கா பெயரைத் திரும்ப எழுதினார். காரணக் கட்டம் வந்தது. 'மேலிட உத்தரவு' என்று எழுதியிருந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் உத்தரவு எதுவும் வரவில்லையே. காலியாக விட்டால் அது திருட்டு. ஆகவே உண்மையை எழுதினார்: அக்கா.

பதிவேட்டைப் பூட்டிவிட்டுச் சமைக்கப் போய்விட்டார்.

4

ஆபரேஷன் நாளன்று நர்ஸ் ஒன்பதாவதாக அக்காவைக் கூப்பிட்டார். பை, துண்டு, பிளாஸ்க் சகிதம் வந்திருந்த இன்னொரு பெண்ணைக் கூப்பிடவே இல்லை. அவள் புருஷன் குதித்தான். பதிவேடு வந்தது. கண்காணிப்பாளர் அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தார். "என்னய்யா இது?" என்றார்.

"காரணம் எழுதியிருக்கேனே சார்" என்றார் பட்டியல்.

போலீஸ் வந்து கூட்டிப்போனது. ஆபரேஷன் உடுப்பில் இருந்த அக்காவைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கினார்கள். ஒன்பது யார் என்ற விவாதம் முடிவதற்குள் டாக்டர் பத்தாவது ஆளை முடித்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். அந்தத் தடவை நடந்தது ஒன்பது ஆபரேஷன்தான்.

குதித்த புருஷன் நான்.

முதல் பகுதியில் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்னோடு இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள். மேலிடத்தில் இருப்பவன் என் பள்ளித் தோழன். போன் போடச் சொன்னது நான்தான். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. யாரை வெளியே எடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

மனைவியை மறுபடி பரிசோதனைக்கு உள்ளே கூட்டிப்போயிருந்தபோது நான் உட்கார்ந்த பெஞ்சில்தான் அக்காவும் வந்து உட்கார்ந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"என் பேரை மூணு தடவை அவன் கையாலயே அடிச்சான் சார்" என்றார். "அடிச்சுட்டு வந்து சாப்பிடாம படுத்துப்பான். நான்தான் சமாதானம் சொல்லி எழுப்புவேன். இப்ப யாரு எழுப்புவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. "எல்லாம் சரியாயிடும்மா" என்றேன். எழுதுகிறவன் சொல்லக்கூடிய வாக்கியமா இது?

5

முடிவுகள் சில வைத்திருந்தேன். பட்டியல் விடுதலையாகி வருகிறார், வாசலில் அக்கா நடந்தே வந்து நிற்கிறார்: பொய். சிறைக்குள்ளும் அவர் ஒரு பட்டியல் எழுதுகிறார்: சாமர்த்தியம், அதனால் பொய். கண்காணிப்பாளர் மனம் திருந்தி

வேண்டாம்.

நடப்பது இதுதான். விசாரணைக்காக, மனைவி சார்பில் நிரப்பச் சொல்லி என்னிடம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'பாதிக்கப்பட்டவர் வாக்குமூலம்'. கையெழுத்துப் போட்டால் பட்டியலுக்கு வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. என் மனைவிக்கு அடுத்த தடவை முதல் எண் என்று கண்காணிப்பாளர் காதோடு சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதினால் தோழன் மாட்டுவான், நானும் மாட்டுவேன், மனைவி கடைசிக்குப் போவாள். அவளுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறாள்.

'விரிவாக எழுத விரும்பினால் தனித்தாள் இணைக்கவும்' என்று படிவத்தில் இருக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தத் தனித்தாள். இணைப்பேனா என்று தெரியவில்லை.

மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். போன் விஷயம் அவளுக்கு இதைப் படித்துத்தான் தெரியும். முழுக்கப் படித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பி, ஐந்தாவது கேள்வியில் விரலை வைத்தாள்.

"அவர் அக்கான்னு எழுதிட்டாரு. நீங்க என்னன்னு எழுதப்போறீங்க?"

நாளைக் காலை பதினோரு மணிக்குள் கொடுக்க வேண்டும். ஓட்டைக்குப் பின்னால் இப்போது வேறு ஆள். காலியாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார் என்கிறார்கள். பேனாவை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன்.

5. தாங்கள் பட்டியலில் ஒன்பதாம் இடம் பெற்றதற்கான காரணம்: