கடைசி ஆள் உட்காரும்வரை

அந்த மலைமுகட்டில் ஏறுவது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். வெயில் நாட்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். குளிர்காலத்தில்தான் கொஞ்சம் வம்பு. புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கும், பாதைக் கற்கள் வழுக்கும், வாயைத் திறந்தால் புகை வரும். அந்தக் குளிரில் அவளை ஏற்றிப் பார்த்துவிடுவது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். முடிவு செய்தபோது அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிய முடிவுகள் எல்லாம் கொஞ்ச நாளாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்து, பிழைத்து வீடு திரும்பியிருந்தாள். நுரையீரல் தேறிவிட்டது, தாராளமாக வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பணிமனை அதிகாரியும் அவளுடைய ரூட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தார். வருகிறாளா இல்லையா என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் போதும் என்றார். ஊரே சரி என்றாகிவிட்டது. கணவர் மட்டும் மசியவில்லை. அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

"அந்த முகடு வரைக்கும் ஏறிக் காட்டு. அப்புறம் பஸ்ஸைப் பத்திப் பேசலாம்" என்றார்.

பஸ் ஓட்டுவதற்கும் மலை ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்டீயரிங்கை உச்சியிலா கொண்டுபோய் மாட்டி வைத்திருக்கிறார்கள்? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கேட்டால், "பாத்தியா, இப்பவே பயப்படுற" என்பார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏறுறேன்" என்றாள்.

துணைக்குக் கொழுந்தனும் அவன் மனைவியும் வந்தார்கள். கொழுந்தனுக்கு வீட்டில் கேப்டன் என்று பெயர். அவன் எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஃபிரிட்ஜ் விற்கிற கடையில் வேலை பார்த்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போனால் முன்னால் நின்று கைதட்டிக் கிளப்பாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அடிவாரத்திலும் தட்டினான். "மெதுவாப் போவோம் அண்ணி. அங்கங்க நின்னு நின்னு போவோம். உங்களுக்காகத்தானே வந்திருக்கோம்."

நின்று நின்றுதான் போனார்கள். அதில் பொய் இல்லை.

முதல் நிறுத்தம் ஒரு தட்டைப் பாறை. மூன்று பேரும் முன்னாலேயே போய் அதில் வசதியாக உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் குடித்து, குல்லாயைக் கழற்றி மாட்டி, கதை பேசி முடித்திருந்தார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பாறையை நெருங்கியதுதான் தாமதம், கேப்டன் எழுந்து கையைத் தட்டினான். "வந்துட்டீங்களா அண்ணி? சரி, எல்லாரும் வந்தாச்சு. கிளம்பலாம்."

எல்லோரும் எழுந்தார்கள். பாறை காலியாக இருந்தது. அதில் உட்காரப்போன அவள் பாதியில் நின்று, முதுகை நிமிர்த்திக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.

அடுத்த நிறுத்தத்திலும் இதே கூத்து. இந்தத் தடவை ஓரகத்தி பரிவோடு ஒரு கப் தேநீரை ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். நாக்கில் வைக்க முடியாத சூடு. அதற்குள் கைதட்டல் கேட்டுவிட்டது. "நடந்துட்டே குடிங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓரகத்தியும் போய்விட்டாள். வழுக்குப் பாதையில் கொதிக்கிற தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி நடப்பது? அதைப் புல்லில் கொட்டினாள். உறைந்த புல் புஸ்ஸென்று ஆவி விட்டது. அவளுக்கும் உள்ளே அப்படித்தான் இருந்தது.

இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேகமாக நடக்கிறவனுக்கு ஓய்வு, தேநீர், அரட்டை எல்லாம் உண்டு. மெதுவாக நடக்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது. யாருக்கு மூச்சு வேண்டுமோ அவளைத் தவிர எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். கேட்டால் காத்திருந்தோம் என்பார்கள். இதற்குப் பெயர் காத்திருப்பதா?

பணிமனையிலும் இப்படிப்பட்ட ஓட்டுநர்கள் உண்டு. வயசானவர் ஒருவர் படியில் காலை வைத்ததும் வண்டியைக் கிளப்புவார்கள். அவர் கம்பியைப் பிடித்துத் தள்ளாடி, யார் மடியிலாவது விழுந்து எழுந்திருப்பார். ஏற்றிக்கொண்டேனே, இன்னும் என்ன வேண்டும் என்பார்கள். அவள் அவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். கடைசியாக ஏறியவர் இருக்கையில் உட்காருவதைக் கண்ணாடியில் பார்க்காமல் அவள் ஒரு நாளும் பிரேக்கை விட்டதில்லை. பின்னால் ஹாரன் அடித்தால் அடித்துக்கொண்டு போகட்டும் என்று இருப்பாள்.

மூன்றாவது நிறுத்தத்தில் சொல்லியேவிட்டாள். "நான் கொஞ்சம் உக்காரணும்."

"உக்காந்தா உடம்பு ஆறிடும் அண்ணி" என்றான் கேப்டன். "குளிர்ல கால் பிடிச்சுக்கும். அப்புறம் எந்திரிக்கவே முடியாது."

"நீ மட்டும் மூணு தடவை உக்காந்தியே, உனக்குப் பிடிச்சுக்கலையா?"

கேப்டன் குல்லாயைச் சரிசெய்துகொண்டான். கணவர் அருகில் வந்து அவள் தோளைத் தொட்டார். "முடியலைன்னா பரவாயில்லம்மா. இங்கயே இரு. நாங்க மேல போயிட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்." குரல் பாகாய் இருந்தது. ஆனால் அந்த முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை அவள் பார்த்துவிட்டாள். அவள் தோற்கவேண்டும் என்றுதான் மனுஷன் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க போங்க. நான் வர்றேன்" என்றாள்.

போய்விட்டார்கள். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. நெஞ்சுக்குள் தடதடத்தது அடங்கியது. கால் பிடித்துக்கொள்ளவில்லை, உடம்பு ஆறிப்போகவுமில்லை. ஆற அமர உட்கார்ந்துவிட்டு எழுந்து நடந்தாள். களைத்தபோது மறுபடி உட்கார்ந்தாள். இப்படி ஏறுவதானால் இதைப் போல இன்னொரு மலை ஏறலாம் என்று தோன்றியது. கடைசி ஏற்றம் மட்டும் செங்குத்து. அதில் ஆத்திரம்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

முகட்டில் காற்று காதை அறுத்தது. கீழே வழி நெடுகப் போனில் சிக்னலே இல்லை, மேலேதான் கிடைக்கும் போலிருக்கிறது. கணவர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், பாதி வழியிலயே உக்காந்துட்டா. அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. ரூட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க. ஆமா சார், அவ சொன்ன மாதிரியே எடுத்துக்கங்க."

பணிமனை அதிகாரி. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது விடுப்பு சொல்ல இவர் வாங்கி வைத்திருந்த நம்பர்.

அவளுக்கே தெரிந்துபோயிற்றாம். என்ன தெரிந்தது, எப்போது தெரிந்தது, இவரிடம் யார் சொன்னது? அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஓட்டிய ரூட்டை, அவள் மரத்தில் சாய்ந்து இளைப்பாறிய நேரத்தில் இவர் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அண்ணா" என்றான் கேப்டன், ஈனசுரத்தில். "அண்ணி வந்துட்டாங்க."

கணவர் திரும்பினார். போனைக் கையால் பொத்திக்கொண்டார். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தக் குழாயோட உன்னைப் பாத்துட்டு உக்காந்திருந்தவன் நான். என் வயித்தெரிச்சல் உனக்குத் தெரியாது."

"குழாயோட பாத்தீங்க. எந்திரிச்சு வந்தேனே, அதையும் பாத்திருக்கலாம்ல? குடுங்க."

அவர் தயங்கினார். அவள் பிடுங்கிக் காதில் வைத்தாள். சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அந்தச் செங்குத்து ஏற்றம் நெஞ்சை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். இதோ பார், பேசக்கூட முடியவில்லை என்று எழுதி ஒட்டியிருந்தது மூன்று முகத்திலும். கணவரின் கை போனை வாங்க நீண்டது. அவள் நகர்ந்துகொண்டாள்.

"நான்தான்... சார். கொஞ்சம்... மூச்சு..."

"மெதுவாம்மா" என்றார் அதிகாரி. "எங்க இருக்கீங்க? முதல்ல ஒரு இடத்துல உக்காருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மறுமுனையில் யாரோ வண்டி கழுவுகிற சத்தம் கேட்டது. ஓர் இன்ஜின் உறுமி அடங்கியது. அதிகாரி ஹலோ ஹலோ என்று அவசரப்படுத்தவில்லை, என்ன ஆச்சு என்று நச்சரிக்கவில்லை. சும்மா இருந்தார். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த மனுஷன் உறவா, ஒட்டா? டியூட்டி போடுகிறவர், அவ்வளவுதானே. காலையிலிருந்து இந்த மலையில் வீட்டு மனுஷர்கள் மூன்று பேரிடமும் கிடைக்காத ஒன்றை, போன் வழியாக இவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூச்சு சீராகும்வரை அவளும் அவசரப்படவில்லை.

"சார், நாளைக்குக் காலைல வர்றேன். என் வண்டியை எனக்கே போடுங்க."

"உங்க வீட்டுக்காரர் இப்பதானேம்மா வேண்டாம்னு சொன்னார்?"

"ஆமா சார்" என்றாள், கணவரைப் பார்த்துக்கொண்டே. "அவரை யார் சார் பஸ் ஓட்டச் சொன்னது?"